அண்ணன் விட்டுப்போன பங்கு

எங்கள் வீட்டில் கரண்டு போகும்போது யாரும் பயந்ததில்லை. வரும்போதுதான் பயந்தோம். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இன்வெர்ட்டர் வைத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை எப்படி விளங்கவைப்பது?

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அது. எங்கள் ஊரான கம்பத்தில் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்டு போய் நாலு மணிக்கு வரும். எல்லாக் காரியமும் நேரம் தவறி நடக்கிற ஊரில் இது ஒன்று மட்டும் மணியடித்தாற்போல் நடந்தது. அத்தா, அதாவது என் அப்பா, வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருந்தார். எங்களோடு ஒரே வீட்டில் பெரியம்மாவும் இருந்தாள். அவள் கணவரான பெரியத்தா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர்களுக்கு ஒரே மகன்; நான் அண்ணன் என்று சொல்வது அவனைத்தான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தேனியில் ஒரு கடையில் பழுது பார்க்கும் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தான். மத்தியானம் சாப்பிட்டானா என்று பெரியம்மா வீட்டு போனில் தினமும் அவனைக் கேட்பாள்.

அவன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கழித்துப் போட்ட ஐந்தாறு கம்ப்யூட்டர்களிலிருந்து வேண்டிய பாகங்களை எடுத்து அவனே சேர்த்துப் பூட்டியது. பெட்டி ஒரு நிறம், டிவி போன்ற அந்தப் பெரிய மானிட்டர் ஒரு நிறம். ஆள் உட்கார்ந்து தட்டும்வரை அது மற்றக் கம்ப்யூட்டர்களைப் போலத்தான் இருக்கும். ஆள் எழுந்து போன பத்தாவது நிமிடம் அதன் குணம் மாறிவிடும். திரை கறுத்து, நடுவில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு முடிச்சு தோன்றும். சிக்கலான நூல்கண்டு மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரல் ஒன்று திருப்புவதைப் போல அது மெதுவாகத் திரும்பும், மடங்கும், மறுபடி திரும்பும். கீழே இங்கிலீஷில் அண்ணன் பெயர். பக்கத்தில், நூற்றுக்கு எவ்வளவு முடிந்திருக்கிறது என்கிற எண். மவுசை லேசாகத் தொட்டால் போதும், எல்லாம் மறைந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பழைய திரைக்கு வந்துவிடும். நான் கதவிடுக்கில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்ப்பேன். நான் பார்ப்பது அதற்குத் தெரியக்கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம்.

பெரியம்மாவுக்கும் அது பிடிக்கவில்லை. "ஆளில்லாத ரூம்புல மிசினு தன்னால ஓடுறது நல்லாவாடா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

அண்ணன் அவளுக்குச் சொன்ன விளக்கம் இன்றும் நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் வீட்டில் யாரும் இறந்துவிட்டால் குர்ஆனை முழுதாக ஓதி முடிப்பார்கள். அதற்கென்று முப்பது பாகமும் தனித்தனிச் சின்னப் புத்தகமாக ஒரு பெட்டியில் இருக்கும். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பொழுதுக்குள் முழுக் குர்ஆனும் ஓதி முடிந்துவிடும். "அதே மாதிரித்தாம்மா இது" என்றான் அண்ணன். "உடம்புக்குள்ள இருக்குற நூலு ஒண்ணு எப்பிடி மடங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணுறவுக பாக்குறாக. அது கோணலா மடங்குனா சீக்கு. ஒரே மிசினு கணக்குப் போட்டா நூறு வருசம் ஆகும். அதான் உலகம் பூரா வீடு வீடாப் பிரிச்சுக் குடுத்துருக்காக. நம்ம வீட்டுக்கு ஒரு பங்கு. சும்மா கெடக்குற நேரத்துல அது பாட்டுக்குப் போடும். முடிஞ்சதும் போன் லைன்ல அனுப்பிச்சுட்டு அடுத்த பங்க வாங்கிக்கிரும்."

"மருந்து கண்டுபிடிக்கவா?"

"ஆமா."

"காசு குடுப்பாகளா?"

"நம்மதாம்மா குடுக்குறோம். தர்மம் மாதிரி."

மறுநாள் பெரியம்மா பூப்போட்ட துணியில் அந்த மானிட்டருக்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். தர்மம் செய்கிற பொருளில் தூசி படியக்கூடாது அல்லவா?

கரண்டு போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் நின்றுவிடுவது அண்ணனுக்குப் பெரிய குறை. அவன் தேனியில் இருப்பான். இங்கே அதை எழுப்பிவிட ஆள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் முன்னால் உட்கார்ந்து ஏதோ மாற்றிவைத்தான். அதற்குப் பிறகு, கரண்டு வந்ததும் யாரும் தொடாமலே அது தானாக எழுந்துகொண்டது. "நான் வீட்ல இல்லாட்டியும் அது எந்திரிச்சு வேலையப் பாக்கும்" என்று பெருமையாகச் சொன்னான். அந்தப் பெருமைதான் பிறகு எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

ஆனி மாதம், பள்ளத்தாக்கில் காற்றும் சாரலும் பிடித்துவிட்டது. கதவுகள் தன்னால் அடித்துக்கொள்ளும் மாதம். குமுளியில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கப் போன அண்ணன், பைக்கில் மலை இறங்கும்போது மூடுபனியில் எதிரே வந்த ஜீப்பைப் பார்க்கவில்லை. மத்தியானம் போன் வந்தது. சாயங்காலம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். அவனுக்கு இருபத்து நாலு வயது.

பெரியம்மா அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், கமிஷன் கடையில் வாழைத்தார் சுமக்கிறவர்கள்கூட அழுதார்கள். பெரியம்மா மட்டும் யார் வந்தாலும் "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "அழுதுருங்க அக்கா, அழுதுருங்க" என்று கெஞ்சினாள். அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பெண்கள் எல்லோரும் ஓத உட்கார்ந்தார்கள். வீட்டில் பெரிய அறை அண்ணனுடையதுதான்; இரண்டு நாளாகச் சாத்திக் கிடந்ததை அன்றுதான் திறந்தார்கள். அவன் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். கரண்டு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு புத்தகத்தோடு முன்னும் பின்னும் அசைந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்று. உத்தமபாளையத்திலிருந்து வர வேண்டிய ஒருத்தி வரவில்லை. அதனால் ஒரு புத்தகம் மட்டும் எடுப்பார் இல்லாமல் பெட்டியில் கிடந்தது. நான் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குக் கரண்டு வந்தது. ஃபேன் சுற்றியது. மூலையில், பூப்போட்ட உறைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பிறகு உள்ளே காற்றாடி சுற்றும் உறுமல். கொஞ்ச நேரத்தில், கம்ப்யூட்டர் விழிக்கும்போது வாசிக்குமே, அந்த இசை. ஓதுகிற குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் அதன் பக்கத்தில் இல்லை. உறைத் துணியின் பூக்கள் மட்டும் உள்ளிருந்து வெளிச்சமாயின.

"யாரு போட்டா?" என்று ஒரு கிழவி கேட்டாள். அண்ணன் மாற்றிவைத்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கள் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேர் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் குரலைக் கூட்டி ஓதத் தொடங்கினார்கள், பேயை விரட்டுகிற வேகத்தில். பத்து நிமிடம் ஆகியிருக்கும். துணிக்குள் வெளிச்சம் அணைந்து, சிவப்பும் பச்சையுமாக ஏதோ ஒன்று மெல்லத் திரும்பியது. பெரியம்மா எழுந்து போய் உறையை உருவினாள். கறுப்புத் திரையில் அந்த முடிச்சு. அதன் கீழே அண்ணன் பெயர்.

பெரியம்மா திரையைப் பார்த்தாள். பிறகு பெட்டியில் கிடந்த அந்த ஒற்றைப் புத்தகத்தைப் பார்த்தாள். "எம்புள்ள பங்கு" என்றாள். "அவன் பங்க அவன் செஞ்சுக்கிட்டு இருக்கான்."

அம்மா ஓடிப்போய் அந்தப் புத்தகத்தை எடுத்து மடமடவென்று ஓத ஆரம்பித்தாள்.

அதை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் அத்தா நினைத்தார். பெரியம்மா விடவில்லை. "ஹஜரத்துட்ட கேட்டுட்டு வாங்க" என்றாள். அத்தா பள்ளிவாசலுக்குப் போய் இமாமைக் கேட்டுவிட்டு வந்து, கூடத்தில் நின்றபடியே சொன்னார்: "மிசினு ஓதாது, அத நெனைக்காதீகன்னு சொன்னாக. ஆனா நோய்க்கு மருந்து தேடுற காரியம்னா நல்ல காரியந்தானாம். கெணறு வெட்டி வச்சுட்டுப் போன மாதிரி. அவன் தொடங்கி வச்சது நடக்குற காலம் மட்டும் அவனுக்கு நன்மை போய்ச் சேருமாம்."

நடக்கிற காலம் மட்டும். பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்த மிஷின் ஓடும்வரை மண்ணுக்கடியில் இருக்கும் மகனுக்கு இவள் வீட்டிலிருந்து ஏதோ போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இதில் நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்றால், பெரியம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியுமே தவிர வேறு எழுத்து வாசனை கிடையாது. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் இங்கிலீஷ் ஆகாது. நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பள்ளி விட்டு நான் வாசல் நுழைகிற நேரமும் கரண்டு வருகிற நேரமும் ஒன்று. பையைக்கூட இறக்கவிடாமல் உள்ளேயிருந்து குரல் வரும்: "வா ஆத்தா. இன்னைக்கு எம்புட்டுன்னு பாரு."

பெரியம்மா அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்வேன். கீச்சென்ற சத்தம், உறுமல், இசை. பிறகு பத்து நிமிடம் இரண்டு பேரும் அசையாமல் காத்திருப்போம். மவுசை மட்டுமல்ல, மேசையைக்கூடத் தொட மாட்டோம். முடிச்சு வந்ததும் நான் எண்ணை வாசிப்பேன். "நாப்பத்தொண்ணு." பெரியம்மா தலையாட்டிவிட்டு, சாயங்காலத் தொழுகையான அசர் தொழப் போவாள். நூறை எட்டினால் மறுநாளே வேறு நிறத்தில் புது முடிச்சு. எண் மறுபடி கீழேயிருந்து தொடங்கும். இளங்கன்று பயமறியாது என்பார்கள். அந்தக் கன்று எங்கள் அண்ணன் அறையில் உட்கார்ந்ததில்லை. ஆளில்லாத நேரத்தில்தான் அது வேலை செய்யும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போதே அது வேலை செய்கிறது. அப்படியென்றால் அதன் கணக்கில் நாங்கள் ஆளே இல்லையா? இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியவில்லை.

ஆடி பிறந்த சமயத்தில், வீட்டு போனை யாரும் எடுப்பதில்லை, ஆளுக்கொரு செல்போன் இருக்கிறதே என்று அத்தா லைனைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார். அந்த லைன் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தெரியாது.

ஒரு நாள் முடிச்சு வரவில்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள் மட்டும் மிதந்தன. அண்ணன் பெயர். நூறு. அனுப்பக் காத்திருப்பதாக ஒரு வரி. மறுநாளும் நூறு. அடுத்த நாளும் நூறு. வேலை முடிந்துவிட்டது, வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். முதல் நாள் "நூறு" என்று சொல்லிவிட்டேன், அது வழக்கம்தான். இரண்டாம் நாள் பெரியம்மா, "எம்புட்டு?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வாயில் தானாக வந்தது: "மூணு."

"படத்தக் காணோம்?"

"இது பெரிய பங்கு பெரியம்மா. பெரிய பங்குக்குப் படம் வராது."

"அப்பிடியா?" என்றாள். எழுந்துகொண்டே, "பெரிய பங்குன்னா அவனுக்குத்தான குடுப்பாக" என்றாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது இப்படித்தான். மறுநாள் நாலு, அதற்கடுத்த நாள் ஆறு. வேகமாக ஏற்றினால் நூறு வந்துவிடும், பிறகு என்ன சொல்வது? அதனால் சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு என்று பார்த்துப் பார்த்து ஏற்றினேன். நேற்று சொன்ன எண்ணை மறந்துவிடாமலிருக்கக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சின்னதாக எழுதிவைத்தேன். இடது தோளில் உட்கார்ந்து பாவத்தை எழுதுகிற வானவரான மலக்கும் என் கூடவே அதை எழுதிக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரவு படுக்கும்போது இடது பக்கமாகச் சாய மாட்டேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சரியான எண் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். திரையில் அவன் பெயர் மிதந்துகொண்டிருக்கிறது. நான் அவன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அவன் அம்மாவிடம், அவன் நன்மையைப் பற்றிப் பொய் சொல்கிறேன். வாயைத் திறப்பதற்கு முன் பின்கழுத்தில் சில்லென்று ஆகும். ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். சில நாள் மிஷினின் உறுமல் நான் எண்ணைச் சொன்னதும் சற்று உயர்ந்தாற்போல் கேட்கும். ஒரு முறை, "முப்பத்தெட்டு" என்று சொல்லி முடித்த அடுத்த நொடி கரண்டு போய்விட்டது. நான் அலறிவிட்டேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டிய திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது. இரண்டு நிமிடத்தில் கரண்டு வந்தது. கீச்சென்று அது மறுபடி எழுந்தது. அதுவரை அவள் கையைத் தளர்த்தவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல முறை நினைத்தேன். ஆனால் பெரியம்மா அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். "இப்பத்தான் அக்கா ரெண்டு வாய் தின்குறாக" என்று அம்மா அத்தாவிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாற்பது என்று எழுதினேன்.

ஐந்து வாரம் இப்படிப் போனது. எண் அறுபத்து மூன்றில் இருந்தது. கேரளத்துக்காரர்கள் வாழைத்தார் விலையை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு வந்து பேரம் பேசுகிறார்கள் என்று அத்தாவுக்கு ரோஷம் வந்தது. எங்களிடம் சொல்லாமலே எழுதிக் கொடுத்து, போன் லைனை மறுபடி இழுக்கச் செய்தார். லைன்மேன் காலையில் வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அன்று நாலு மணிக்கு வழக்கம்போல் உட்கார்ந்தோம். கீச்சென்ற சத்தம், உறுமல், இசை. வழக்கமான பத்து நிமிடம். அறுபத்து நாலா, அறுபத்தைந்தா என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டிருந்தேன். திரை கறுத்தது. நடுவில், நீலமும் வெள்ளையுமாக, நாங்கள் இதுவரை பார்த்தே இராத ஒரு முடிச்சு எழுந்து வந்தது. அண்ணனே வந்துவிட்டான், என் பொய்யைக் காட்டிக்கொடுக்க வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். வாய் மட்டும் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "அறுவத்தி நாலு."

"இல்ல ஆத்தா" என்றாள் பெரியம்மா. அவள் என்னைப் பார்க்கவில்லை. "அஞ்சு."

நான் திரையைப் பார்த்தேன். ஐந்துதான்.

"அஞ்சுதான் போட்டிருக்கு. அஞ்சு. புதுசு குடுத்துட்டாக." சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. அண்ணனைக் கொண்டுவந்த அன்று அழ வேண்டிய அழுகை அது. என்னை மடியில் இழுத்துப் போட்டு அமுக்கிக்கொண்டு அழுதாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "என்னடி சொன்ன நீ? பெரியம்மாட்ட என்னடி சொன்ன?" என்று என்னை உலுக்கினாள். எனக்கு அடி விழும் என்று தெரிந்தது. "அஞ்சுன்னு சொன்னேம்மா" என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

அடி விழவில்லை. பெரியம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாளும் "வா ஆத்தா, எம்புட்டுன்னு பாரு" என்றுதான் கூப்பிட்டாள். நானும் திரையில் இருந்ததை வாசித்தேன். அடுத்த ஐப்பசி மழையில் ஓர் இடி அந்த மிஷினை ஒரேயடியாகப் படுக்கவைக்கும்வரை இது நடந்தது. அந்த அஞ்சு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு நான் அன்று கண்டுபிடித்த விடை எளிமையானது: அண்ணன் அவள் காதில் சொல்லிவிட்டான். பல வருடம் நான் அந்த அறைக்குத் தனியாகப் போனதில்லை.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து சில மாதம் ஆகியிருந்தபோதுதான், ஒரு நாள் அது சாதாரணமாக உறைத்தது. பெரியம்மா தினமும் தேனிக் கடைக்கு போன் போட்டு மகனிடம் பேசியவள். பத்து எண்ணையும் அவளே தட்டுவாள். யாரையும் கூப்பிட்டதில்லை. எழுத்து தெரியாதவளுக்கு எண்ணும் தெரியாது என்று முடிவு செய்தது நாங்கள்தான்.

அப்படியென்றால் அந்த ஐந்து வாரமும் திரையில் நூறு என்று நிற்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மகனுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே, ஒன்பது வயதுப் பிள்ளையிடம், எம்புட்டு, எம்புட்டு என்று தினமும் கேட்டிருக்கிறாள். நான் வாய் திறக்கும்வரை அவள் உயிர் அவளிடம் இருந்திருக்காது. என்றைக்காவது ஒரு நாள் நான் நல்ல பிள்ளையாக உண்மையைச் சொல்லியிருந்தால், அன்றைக்குத்தான் அவள் மகன் இறந்திருப்பான்.